அக்ரிலிக் மீன் தொட்டியில் விழுந்த கீறலை எப்படி எடுப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: பழையதாக வாங்கிய நான்கு அடி அக்ரிலிக் கடல்மீன் தொட்டி. முன்பக்கத்தில் உள்ளேயும் வெளியேயும் கீறல்கள். மேக்னட் கிளீனரில் (காந்தத்தால் தகட்டின் இருபுறமும் ஒட்டிக்கொண்டு பாசி துடைக்கும் கருவி) மணல் சிக்கி இழுத்ததில் நீளமாக ஒரு கோடு வேறு. மீன் உள்ளே இருக்கும்போதே தேய்த்துச் சரி செய்யலாமா? எந்த நம்பர் பேப்பரில் தொடங்குவது? கார் பாலிஷ் போதுமா?

சரி செய்யலாம். அக்ரிலிக் வாங்கியவர்களுக்குக் கிடைத்த பெரிய வசதியே அதுதான். கண்ணாடித் தொட்டியில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் விழுந்தால், சீரியம் ஆக்சைடு என்ற கண்ணாடி பாலிஷ் பொடி வைத்து மணிக்கணக்கில் தேய்த்தாலும் பெரும்பாலும் பலன் இருக்காது. அக்ரிலிக் ஒரு பிளாஸ்டிக், மென்மையானது. சுலபமாகக் கீறும், அதே காரணத்தால் சுலபமாகத் தேயவும் செய்யும். பொறுமையாகக் கையால் தேய்த்தே புதிது போல ஆக்கிவிட முடியும். ஆனால் உங்கள் தொட்டியில் உள்ள எல்லாக் கீறலையும் எடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. உள்பக்கக் கீறல்களில் பாதிக்கு மேல் அப்படியே விட்டுவிடலாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி தானாக விளங்கும். கீறல் ஒரு பள்ளம். அதை நிரப்பி மறைக்க நம்பகமான வழி கிடையாது. சுற்றியுள்ள பரப்பைப் பள்ளத்தின் அடிமட்டம் வரை மெல்ல இறக்கிக் கொண்டுவருவதுதான் நாம் செய்யும் வேலை. முதல் பேப்பர் அந்தக் கீறலை எடுக்கிறது, ஆனால் தன் பங்குக்கு ஆயிரக்கணக்கான சின்னக் கீறல்களைப் போட்டுவிடுகிறது. இரண்டாவது பேப்பர் முதல் பேப்பரின் கீறல்களை எடுப்பதற்கு, மூன்றாவது இரண்டாவதன் கீறல்களை எடுப்பதற்கு. கடைசியில் மிஞ்சும் கீறல்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியதாக, அதாவது அரை மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே போய்விட்டால், அந்தப் பரப்பு மறுபடி தெளிவாகத் தெரியும்.

இவ்வளவு தேய்த்தால் தொட்டி பலவீனமாகிவிடாதா என்று பலர் பயப்படுகிறார்கள். 10 மி.மீ. தகட்டில் ஓரிடத்தில் 0.2 மி.மீ. எடுத்தோம் என்று வையுங்கள். வளைவினால் தகட்டில் ஏறும் அழுத்தம் தடிமனின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். கணக்குப் போட்டால் அந்த இடத்தில் சுமார் 4 சதவீதம் கூடும், அவ்வளவுதான். ஒழுங்காகச் செய்த தொட்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தேய்க்காமல் விட்ட கூர்மையான வெளிப்பக்கக் கீறல் அதைவிட மோசம். தண்ணீர் நிரம்பியிருக்கும்போது முன்தகடு வெளியே பிதுங்கப் பார்க்கும், அதனால் நடுப்பகுதியில் வெளிப்பரப்பு இழுபட்டுக்கொண்டே இருக்கும். இழுபடும் பரப்பில் கூர்மையான பள்ளம் இருந்தால் அழுத்தம் அந்த முனையில் போய்க் குவியும்.

இப்போது உள்பக்கமா வெளிப்பக்கமா என்ற விஷயம். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு, 1.49. காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33. வெளிப்பக்கக் கீறலில் காற்று நிரம்பியிருக்கிறது. அக்ரிலிக்குக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது, அதனால் கீறலின் ஒவ்வொரு விளிம்பும் ஒளியைத் தெறிக்க வைக்கும். உள்பக்கக் கீறலில் தண்ணீர் நிரம்பியிருக்கிறது. அங்கே வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குதான். நேராக விழும் ஒளியில் அக்ரிலிக்–காற்று எல்லை சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், அக்ரிலிக்–தண்ணீர் எல்லை 0.3 சதவீதத்தை மட்டுமே. ஒரே ஆழமுள்ள கீறல் வெளியே இருந்தால் கண்ணை உறுத்தும், உள்ளே இருந்தால் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இதிலிருந்து மூன்று காரியங்கள் பிறக்கின்றன. ஒன்று, கீறல் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கும் வழி. விரலைத் தண்ணீரில் நனைத்து வெளியே அந்தக் கோட்டின்மேல் தடவுங்கள். கோடு சட்டென்று மங்கினால் அது வெளிப்பக்கக் கீறல். கொஞ்சமும் மாறவில்லை என்றால் உள்பக்கம். இரண்டு, உள்பக்கக் கீறல்களில் எதை எடுப்பது என்பதைத் தொட்டி நிரம்பியிருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து, வழக்கமான விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். அங்கிருந்து எது தெரிகிறதோ அதை மட்டும் வெளிப்பக்கத்தில் சின்ன மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். தொட்டியைக் காலி செய்த பிறகு உள்ளே பார்த்தால் எல்லாமே பயங்கரமாகத் தெரியும். அந்தப் பதற்றத்தில் முழுத் தகட்டையும் தேய்க்க ஆரம்பிப்பவர்கள் நிறைய. தண்ணீர் நிரப்பியதும் மறைந்துவிடக்கூடிய கீறலுக்காக இரண்டு நாள் உழைப்பது வீண். மூன்று, உள்பக்கத்தைக் கண்ணாடிபோல மின்ன வைக்க வேண்டிய அவசியமில்லை. உலர்ந்திருக்கும்போது லேசாகப் பனி படர்ந்தது போலத் தெரியும் பரப்பு, தண்ணீருக்குள் போனதும் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பேப்பரைக் கையில் எடுக்கும் முன் இன்னொரு சோதனை. கீறல் என்று நினைப்பது கீறல்தானா? போர்வெல் தண்ணீர் ஊற்றும் ஊர்களில், நீர்மட்டக் கோட்டை ஒட்டி வெள்ளையாகப் படியும் சுண்ணாம்புப் படிவத்தைக் கீறல் என்று நினைத்துச் சுரண்டி, நிஜமாகவே கீறல் போட்டுவிடுகிறார்கள். சமையல் வினிகரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் ஒட்டி வைத்தால் படிவம் இளகிவிடும். அந்த அளவு புளிப்பு அக்ரிலிக்கை ஒன்றும் செய்யாது. நீர்மட்டத்துக்கு மேலே மட்டும் துணியை வைத்து, முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள்.

மயிரிழை வெடிப்பு வேறு விஷயம். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளி நூல்கள் போல, தகட்டுக்குள்ளே ஒரே திசையில் அடுக்கடுக்காக மின்னும். நகத்தில் தட்டாது. இதைக் கிரேசிங் என்பார்கள். தகட்டின் உள்ளழுத்தமும் ரசாயனமும் சேர்ந்து உண்டாக்குவது. மேலோட்டமாக இருந்தால் தேய்த்து எடுக்கலாம், ஆனால் மூலையிலோ ஒட்டு ஓரத்திலோ கொத்தாக இருந்தால் அங்கே தேய்க்கவே கூடாது. தொட்டி தாங்குமா என்று அக்ரிலிக் தொட்டி செய்பவரிடம் காட்டிக் கேட்க வேண்டிய நிலை அது. பொதுவாகவே ஒட்டுகளுக்கு இரண்டு செ.மீ. தூரத்துக்குள் பேப்பரைக் கொண்டுபோகாதீர்கள்.

இனி வேலை. வெளிப்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். அது கண்ணுக்கு அதிகம் தெரிவது, கைக்கும் எட்டுவது, மீனையும் தொந்தரவு செய்யாது. தொட்டி நிரம்பியிருக்கும்போதே செய்யலாம். தண்ணீரைப் பாதியாக இறக்கி வைத்தால் தகட்டின் இழுவிசை குறையும், நான் அதைத்தான் விரும்புவேன். மேல்புறத்தைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி ஓரத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். பாலிஷ் தெறித்துத் தண்ணீரில் விழக்கூடாது. ஏர் பம்ப் பக்கத்தில் இருந்தால் அதை அடுத்த அறைக்கு மாற்றுங்கள். தூசியையும் பாலிஷ் வாடையையும் உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் ஊதிவிடும்.

வேண்டிய பேப்பர் ஹார்டுவேர் கடையிலும் கார் பெயின்ட் கடையிலும் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் கிடைக்கும் கறுப்புத் தாள்தான். மரத்துக்குப் போடும் சாதாரண உப்புத்தாள் வேண்டாம், அது தண்ணீரில் கரைந்து கொட்டும். நம்பருக்கு முன்னால் பி என்று அச்சடித்திருந்தால் ஐரோப்பிய அளவு. அந்தக் கணக்கில் 400 நம்பரின் மணி, அதாவது தாளில் ஒட்டியிருக்கும் தேய்ப்புத் துகள், சுமார் 35 மைக்ரான், 800 சுமார் 22, 1200 சுமார் 15, 2000 சுமார் 10. ஒவ்வொரு படிக்கும் மணியின் அளவு மூன்றில் ஒரு பங்கு குறைவது போலப் போனால் வேலை சீராக நகரும். 400லிருந்து நேராக 2000க்குத் தாவினால், 400 போட்ட பள்ளங்களை 2000ஆல் எடுக்கக் கை ஓய்ந்துவிடும்.

எந்த நம்பரில் தொடங்குவது? கீறலை எடுக்கக்கூடிய மிக மென்மையான பேப்பரில். நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். தட்டவே இல்லை என்றால் பேப்பரே வேண்டாம், பாலிஷ் மட்டும் போட்டுப் பாருங்கள். போகாவிட்டால் 2000. லேசாகத் தட்டினால் 800 அல்லது 1000. நகம் மாட்டி நின்றால் 400. அதற்குக் கீழே 320, 240 என்று இறங்குவது கல் விழுந்து குழிந்த இடங்களுக்கு மட்டும். அப்படிப்பட்ட குழியில்கூட முழு ஆழத்தையும் எடுக்கவேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை. விளிம்புகளின் கூர்மையை மழுக்கி, குழியை வழவழப்பாக்கி விட்டாலே பாதிக்கு மேல் கண்ணிலிருந்து மறைந்துவிடும். சந்தேகம் இருந்தால் மென்மையானதில் தொடங்கி, போகவில்லை என்றால் ஒரு படி கீழே இறங்குங்கள். தேவைக்கு மேல் சொரசொரப்பான பேப்பரை ஒரே ஒரு முறை இழுத்துவிட்டாலும், அது போட்ட கோட்டை எடுக்கும் வேலை கூடுதலாக வந்து சேரும்.

விரல் நுனியால் அழுத்தித் தேய்க்காதீர்கள். விரல் அழுத்தும் இடம் குழியும். கீறல் போயிருக்கும், ஆனால் அந்த இடத்தைத் தாண்டும் மீன் நெளிந்து தெரியும். தகட்டின்மீது ஒரு லென்ஸைச் செதுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். கெட்டியான ரப்பர் துண்டு அல்லது அடர்ந்த ஃபோம் கட்டையில் பேப்பரைச் சுற்றிக்கொள்ளுங்கள். கீறலைச் சுற்றி ஒரு சாண் அகலமாவது தேய்க்க வேண்டும், நடுவில் கொஞ்சம் அதிகமாக, ஓரத்துக்குப் போகப் போகக் குறைவாக. அடுத்தடுத்த நம்பருக்குப் போகும்போது அந்த வட்டத்தை இரண்டு விரல்கடை அகலப்படுத்திக்கொண்டே போங்கள். வேலை நடுவில் நெளிவு விழுகிறதா என்று பார்க்க எளிய வழி, எதிரே டியூப் லைட் பிரதிபலிக்கும்படி நின்றுகொண்டு தலையை மெல்ல நகர்த்துவது. பிரதிபலிப்பின் கோடு நேராக ஓடினால் பரப்பு தட்டையாக இருக்கிறது. ஆனால் 2000க்கு மேல் போன பிறகுதான் பரப்பு எதையாவது பிரதிபலிக்கும், அதற்கு முன் இந்தச் சோதனை பயன்படாது.

பேப்பரைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊற வையுங்கள். தேய்க்கும் தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்டால் பேப்பர் வழுக்கிக்கொண்டு போகும், தூள் அடைக்காது. வெளிப்பக்கத்துக்கு மட்டும்தான் இந்தச் சொட்டு, உள்ளே வெறும் தண்ணீர். முதல் பேப்பரைக் கிடைமட்டமாக நேர்கோட்டில் இழுங்கள், அடுத்ததைச் செங்குத்தாக, அதற்கடுத்ததை மறுபடி கிடைமட்டமாக. வட்டம் வட்டமாகத் தேய்த்தால் எந்தக் கோடு எந்தப் பேப்பர் போட்டது என்று கண்டுபிடிக்க முடியாது. திசையை மாற்றினால், முந்தைய பேப்பரின் கோடு ஒன்றுகூட மிச்சமில்லாமல் போன கணம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். அதுவரை அடுத்த நம்பரைத் தொடக்கூடாது.

இங்கேதான் அதிகம் பேர் அவசரப்படுகிறார்கள். பரப்பு ஈரமாக இருக்கும்போது எல்லாம் நன்றாகவே தெரியும், உள்பக்கக் கீறலைத் தண்ணீர் மறைக்கும் அதே காரணத்தால். ஒவ்வொரு படியின் முடிவிலும் துடைத்து, நன்றாக உலரவிட்டு, டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போலச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மொத்த நேரத்தில் பாதி முதல் பேப்பரிலேயே போக வேண்டும். அங்கே கீறல் முழுதாகப் போய்விட்டதென்றால் மீதிப் படிகள் சுலபம். அங்கே மிச்சம் வைத்தால், 1500இல் வந்து நிற்கும்போது அந்தக் கோடு மறுபடி தலைகாட்டும், திரும்ப 400க்கே போக வேண்டியிருக்கும்.

நம்பர் மாறும்போதெல்லாம் தகட்டைக் கழுவி, கையைக் கழுவி, கட்டையைக் கழுவி, வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள். 400 நம்பரின் ஒரே ஒரு மணி 1500 பேப்பருக்கு அடியில் சிக்கினால் போதும், ஆழமாக ஒரு புதுக்கோடு விழும். ஒவ்வொரு நம்பர் பேப்பரையும் தனித்தனி கவரில் வைத்திருப்பது நல்ல பழக்கம்.

400, 600, 800, 1200, 1500, 2000, கிடைத்தால் 2500 அல்லது 3000. இந்த வரிசை போதும். இறக்குமதியாகும் மைக்ரோ-மெஷ் செட் கிடைத்தால் கடைசிப் படிகளுக்கு மிக நல்லது. துணியின்மேல் மெத்தென்ற அடுக்கில் மணிகளைப் பதித்திருப்பார்கள், அழுத்தினால் மணி உள்ளே அமுங்கிக்கொள்ளும், ஆழமாக வெட்டாது. விமானங்களின் அக்ரிலிக் ஜன்னல்களில் விழும் கீறல்களையும் இதைக் கொண்டுதான் எடுக்கிறார்கள். ஆனால் அதன் நம்பர் வேறு கணக்கு. மைக்ரோ-மெஷ் 1500 நம் வாட்டர் பேப்பர் 1500 கிடையாது, அதைவிட ரொம்பச் சொரசொரப்பு. 2000 வாட்டர் பேப்பர் முடித்துவிட்டு மைக்ரோ-மெஷ் 1500 எடுத்தால் பின்னோக்கிப் போகிறீர்கள். அந்த வரிசை 12000 வரை போகும். 2000க்குப் பிறகு அதில் 4000, 6000, 8000, 12000 என்று போங்கள்.

பாலிஷுக்கு வருவோம். 2000 அல்லது 3000 முடித்த பரப்பு சாம்பல் நிறப் பனி மூட்டமாகத் தெரியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிளாஸ்டிக்குக்கு என்றே விற்கும் பாலிஷ் வாங்குங்கள். நோவஸ் என்ற பெயரில் 3, 2, 1 என்று மூன்று பாட்டில்கள் வருகின்றன. 3 ஆழமான கீறலுக்கு, 2 மெல்லிய கீறலுக்கு, 1 வெறும் துடைப்புக்கு. பேப்பர் வேலை ஒழுங்காகச் செய்திருந்தால் 2 மட்டுமே போதும். மென்மையான பருத்தி ஃபிளானல் துணியில் எடுத்து, சிறு சிறு பகுதியாக, முக்கால்வாசி உலரும் வரை தேய்த்து, வேறு சுத்தமான துணியால் எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று முறை திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

கார் ரப்பிங் காம்பவுண்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேலை செய்யும், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். கார் பெயின்ட் தாங்குகிற கரைப்பான் எல்லாவற்றையும் அக்ரிலிக் தாங்காது. குறிப்பாக, தண்ணீர் நிரம்பி இழுபட்டுக்கொண்டிருக்கும் வெளிப்பரப்பில் கரைப்பான் பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, சில வாரம் கழித்து மயிரிழை வெடிப்பு தலைகாட்டும். தண்ணீர் அடிப்படையிலான காம்பவுண்ட் என்று டப்பாவில் போட்டிருந்தால் வெளிப்பக்கத்துக்கு மட்டும், அதுவும் ஓரத்தில் சிறு இடத்தில் தடவிப் பார்த்துவிட்டு. உள்பக்கத்துக்குக் கார் சாமான் எதுவும் கூடாது. மெழுகும் சிலிகானும் மீன் இருக்கும் தண்ணீரில் சேரக்கூடாது. பித்தளைக்குப் போடும் பிராசோ பாலிஷ் போட்டால் பளபளக்கும் என்று சொல்வார்கள், அதில் அமோனியா இருக்கிறது, தொட்டிப் பக்கமே வேண்டாம். டூத்பேஸ்ட் மிக மெல்லிய மங்கலை எடுக்கும், பேப்பர் போட்ட கோட்டை எடுக்காது.

இதே காரணத்துக்காகத்தான் கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே, சானிடைசர், தின்னர், அசிட்டோன் எதையும் அக்ரிலிக்கில் படவிடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. கீறலை எடுத்துவிடலாம். ஆல்கஹாலும் அமோனியாவும் உண்டாக்கும் வெடிப்பு தகட்டின் ஆழத்துக்குப் போய்விட்டால் எடுக்க வழியில்லை.

மெஷின் வைத்துச் செய்யலாமா? பெரிய பரப்பு என்றால் பாலிஷர் உதவும், ஆனால் அக்ரிலிக் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. கண்ணாடி கடத்துவதில் ஐந்தில் ஒரு பங்குதான் கடத்தும். உரசலில் பிறக்கும் சூடு அந்த இடத்திலேயே தங்கிவிடும். சுமார் 105 டிகிரி செல்சியஸில் அக்ரிலிக் இளகிவிடும், அதற்கு முன்பே பரப்பு இழுபட ஆரம்பிக்கும். ஒரே இடத்தில் சில நொடி நின்றுவிட்டால் ஆரஞ்சுத் தோல் போலச் சுருங்கி, 400லிருந்து திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும். குறைந்த வேகம், ஃபோம் பேட், நகர்த்திக்கொண்டே இருப்பது, அவ்வப்போது புறங்கையால் தொட்டுப் பார்ப்பது. கை சூடு உணர்ந்தால் நிறுத்திவிடுங்கள். பேப்பர் வேலைக்கு மெஷின் வேண்டவே வேண்டாம். பெயர்ப்பலகை செய்யும் அக்ரிலிக் கடைகளில், நெருப்பு காட்டி ஒரு நிமிடத்தில் மின்ன வைத்துத் தருகிறேன் என்பார்கள். அது வெட்டிய ஓரங்களுக்கான முறை. பெரிய தகட்டின் முகத்தில் தீ காட்டினால் உள்ளழுத்தம் ஏறும், தண்ணீர் நிரப்பிய பின் அங்கேதான் வெடிப்பு தொடங்கும். சம்மதிக்காதீர்கள்.

உள்பக்கம் செய்ய முடிவெடுத்தால், 400, 800 போன்ற பேப்பர் தேவைப்படும் கீறலுக்குத் தொட்டியைக் காலி செய்வதுதான் சரி. மீன்களைப் பழைய தண்ணீரோடு வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், ஃபில்டரையும் அதன் உள்ளிருக்கும் மீடியாவோடு (பஞ்சு, கல் போன்றவை) அதிலேயே ஓட விடுங்கள், அதில் வளர்ந்திருக்கும் நல்ல பாக்டீரியா சாகக்கூடாது. மணலை முழுக்க எடுத்துவிடுங்கள். தேய்க்கும் முறை வெளிப்பக்கத்துக்குச் சொன்னதேதான். 2000 அல்லது 3000இல் நிறுத்திக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டுமென்றால் மைக்ரோ-மெஷ். திரவ பாலிஷ் உள்ளே போடாமல் முடிப்பதே எனக்குப் பிடித்த வழி. அப்படிச் செய்தால் கழுவும்போது மனதில் சந்தேகம் இருக்காது.

காலியான தொட்டியை வாரக்கணக்கில் காயப்போடாதீர்கள். அக்ரிலிக் தண்ணீரை மெல்ல உறிஞ்சி வைத்திருக்கும், எடையில் சுமார் 2 சதவீதம் வரை. பல வருடம் தண்ணீரில் இருந்த உள்பரப்பு வேகமாகக் காய்ந்தால் சுருங்கப் பார்க்கும், பின்னால் உள்ள அடுக்கு சுருங்காது, அழுத்தம் ஏறும். பெர்லினில் ஹோட்டல் ஒன்றின் நடுவே நின்ற 14 மீட்டர் உயர அக்வாடோம் என்ற அக்ரிலிக் உருளைத் தொட்டி 2022 டிசம்பர் 16 அதிகாலையில் வெடித்து, பத்து லட்சம் லிட்டர் தண்ணீர் கொட்டியது. நிபுணர் அறிக்கையில் திட்டவட்டமாக ஒரே காரணம் நிறுவப்படவில்லை. ஆனால் அவர்கள் எடுத்து ஆராய்ந்த மூன்று சாத்தியங்களில் ஒன்று, புதுப்பிப்பு வேலைக்காகக் காலி செய்திருந்தபோது அக்ரிலிக் காய்ந்துபோனது. நான்கு அடித் தொட்டிக்கு அந்த அளவு ஆபத்து இல்லை, இருந்தாலும் ஒன்றிரண்டு நாளில் வேலையை முடித்துத் தண்ணீர் நிரப்புங்கள். இடைவேளையில் உள்ளே ஈரத்துணி விரித்து வையுங்கள்.

மீன் இருக்கும்போதே உள்ளே தேய்ப்பது? சின்ன, மெல்லிய கீறலுக்குச் செய்யலாம். பெரிய பொது அக்வேரியங்களில் தொட்டியைக் காலி செய்ய வழியே இல்லாததால், முக்குளிப்பவர்கள் தண்ணீருக்குள் இறங்கிக் கையால்தான் அக்ரிலிக் ஜன்னல்களைப் பராமரிக்கிறார்கள். 2002இல் திறந்த ஒகினாவாவின் சுராவுமி அக்வேரியத்தில் திமிங்கலச் சுறாக்கள் நீந்தும் தொட்டியின் ஜன்னல் 22.5 மீட்டர் நீளம், 8.2 மீட்டர் உயரம், 60 செ.மீ. தடிமன். அவ்வளவு பெரிய ஜன்னலை யாரும் ஒரே துண்டாக வார்ப்பதில்லை. தகடுகளை ஒட்டிச் சேர்த்து, ஒட்டிய இடங்களைத் தேய்த்துப் பாலிஷ் போட்டுத்தான் அந்தத் தெளிவைக் கொண்டுவருகிறார்கள். நாம் வீட்டில் செய்வதும் அதே கைவேலைதான்.

தண்ணீருக்குள் செய்யும்போது பேப்பர் வேண்டாம், அதன் மணிகள் கழன்று மணலில் விழும், பிறகு மேக்னட்டில் ஏறும். துணி ஆதாரமுள்ள மைக்ரோ-மெஷ் போன்றதை மட்டும் பயன்படுத்துங்கள், 3200க்கு மேலே. முன்தகட்டை ஒட்டிய மணலை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளிவிடுங்கள். ஃபில்டரில் புதுப் பஞ்சு வையுங்கள். அக்ரிலிக் தூள் மீனுக்கு நஞ்சில்லை, ஆனால் செவுளில் சிக்குவதை நாம் விரும்ப மாட்டோம், அதனால் ஒரு முறைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் செய்யாமல், முடித்ததும் கொஞ்சம் தண்ணீர் மாற்றிவிடுங்கள். பயந்த சுபாவமுள்ள மீன் இருந்தால் இந்த வழி வேண்டாம்.

உங்கள் மேக்னட் கோட்டைப் பொறுத்தவரை, நகம் மாட்டுகிறதென்றால் அடுத்த முறை தொட்டியை எதற்காவது காலி செய்யும்வரை விட்டுவையுங்கள். லேசாகத் தட்டுகிறது என்றால் மேலே சொன்னபடி தண்ணீருக்குள்ளேயே அதன் கூர்மையைக் குறைக்கலாம்.

மறுபடி விழாமல் இருக்கச் சில வார்த்தைகள். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் வெள்ளை சிலிக்கா மணலுக்கு 7. பவளமணல் 4க்குள்தான், ஆனாலும் அக்ரிலிக்கைக் கீற அதுவே போதும். மேக்னட் கிளீனரை மணல் மட்டத்துக்கு மூன்று விரல்கடை மேலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதைத் தொட்டிக்குள் நிரந்தரமாக விட்டுவைக்காமல், ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்துக் கழுவி வையுங்கள். மணலை ஒட்டிய கடைசிப் பட்டையைக் கைவிட்டு, மென்மையான துணியால் மேல்நோக்கி மட்டும் துடைப்பது நல்லது. பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பரில் தேய்ப்பு மணிகள் இருக்கின்றன, அது வேண்டாம். வெளிப்பக்கத் தூசியை உலர்ந்த துணியாலோ டிஷ்யூ பேப்பராலோ துடைக்கக்கூடாது, முதலில் தண்ணீர் தெளித்து, பிறகு மைக்ரோஃபைபர் துணி. கடல்முள்ளெலி வளர்க்கிறீர்கள் என்றால் அது பாசியைச் சுரண்டும்போது அக்ரிலிக்கையும் சேர்த்துச் சுரண்டும், பற்கள் அவ்வளவு உறுதி. அக்ரிலிக் தொட்டிக்கு அதைத் தவிர்க்கச் சொல்வேன். பெரிய சக்கர் மீன்களும் சில சமயம் இதே வேலையைச் செய்யும். இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி இறுகிவிட்டால் பிளேடை எடுக்காமல் காலாவதியான ஏடிஎம் கார்டின் ஓரத்தால் தட்டையாகத் தள்ளுங்கள். அது மெதுவாகத்தான் வரும், வாரம் ஒருமுறை செய்தால் இறுகவே விடாமல் பார்த்துக்கொள்ளலாம்.